நபி என்று வாதிட்டவர் ஷஹீதான வரலாறு: துலைஹா அல் அஸதீ

 



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் ஒரு மனிதரின் பேச்சைச் செல்போனில் கேட்டுக் கேட்டு அவருக்குப் பின்னால் போய்விட்டான். அந்த மனிதர் தனக்கு மேலிருந்து செய்தி வருகிறது என்கிறார். நாளை நடப்பதைச் சொல்கிறாராம், அதில் சில நடந்தும் விட்டதாம். ஐவேளைத் தொழுகை தேவையில்லை, மனதுக்குள் நினைத்தால் போதும் என்கிறாராம். அந்தத் தாய் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். ஹஜ்ரத், அவர் சொன்னது நடக்கிறதே, அப்போது என் மகனிடம் நான் என்ன பதில் சொல்வது?

நபி (ஸல்) அவர்களுக்குப் பிறகு எந்த நபியும் இல்லை. இது நம் ஈமானின் அடிப்படை. தனக்குப் பின் ஏறத்தாழ முப்பது பொய்யர்கள் நபி என்று வாதிட்டு வருவார்கள் என்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் முன்பே எச்சரித்துச் சென்றார்கள். ஆகவே ஒரு முஸ்லிமுக்கு இது முடிந்துபோன கேள்வி. ஆனாலும் அந்தத் தாயின் மகனைப் போன்ற ஒருவருக்கு விளக்கிச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உண்மை நபியின் அடையாளம் என்ன? பொய்யனின் அடையாளம் என்ன? இதற்கு இன்று ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் உண்மை நபியை நேரில் பார்த்தவர். பிறகு தானே பொய் நபியாக மாறியவர். பிறகு திரும்பி வந்தவர். துலைஹா பின் குவைலித் அல் அஸதீ.

யார் இந்த துலைஹா?

நஜ்து பகுதியில் வாழ்ந்த பனூ அஸத் கோத்திரத்தின் தலைவர்களில் ஒருவர். பெரும் வீரர். ஆயிரம் குதிரை வீரர்களுக்குச் சமம் என்று அரபுகள் அவரை எண்ணினார்கள். வீரத்தோடு இன்னொரு தொழிலும் அவரிடம் இருந்தது. அவர் ஒரு காஹின், அதாவது குறி சொல்பவர். எதுகையோடு அடுக்கடுக்காக வசனம் பேசி, வரப்போவது இதுதான் என்று சொல்வது அக்காலத்துக் காஹின்களின் வழக்கம்.

ஆரம்பத்தில் அவர் இஸ்லாத்தின் எதிரி. உஹதுப் போருக்குப் பின் மதீனாவைத் தாக்க அவரும் அவருடைய சகோதரர் ஸலமாவும் ஆள் திரட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அபூஸலமா (ரலி) அவர்களின் தலைமையில் படை அனுப்பி அதைக் கலைத்தார்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் மதீனாவை முற்றுகையிட்ட கூட்டுப்படைகளிலும் பனூ அஸத் இருந்தது, துலைஹாவும் இருந்தார்.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, தூதுக்குழுக்களின் ஆண்டு. பனூ அஸத் குழுவும் மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றது. அந்தக் குழுவில் துலைஹாவும் இருந்தார். ஆனால் வந்தவர்களின் பேச்சில் ஒரு குறை இருந்தது. நீங்கள் எங்கள் மீது படை அனுப்பாமலே நாங்களாக வந்து முஸ்லிமானோம் என்று நபியவர்களிடம் சொல்லிக்காட்டினார்கள். இஸ்லாத்தை ஏற்றது அவர்கள் செய்த உபகாரம் அல்ல, ஈமானின் பக்கம் வழிகாட்டியது அல்லாஹ் அவர்களுக்குச் செய்த உபகாரம் என்ற கருத்தில் சூரா ஹுஜுராத்தின் வசனம் அவர்கள் விஷயத்தில்தான் இறங்கியது என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். உள்ளத்தில் இந்த எண்ணம் இருந்தால் ஈமான் எவ்வளவு நாள் நிற்கும்? இரண்டு வருடம்கூட நிற்கவில்லை.

சொன்னது நடந்தால் நபியா?

நபி (ஸல்) அவர்களின் இறுதிக் காலத்தில், அவர்கள் உடல்நலம் குன்றியிருந்த செய்தி பரவியபோது, துலைஹா தனக்கும் ஜிப்ரீல் வருகிறார் என்று அறிவித்தார். மக்கள் எப்படி நம்பினார்கள்? வரலாற்று நூல்களில் இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்க்கிறோம்.

ஒன்று, அவருடைய கூட்டத்தார் ஒரு பயணத்தில் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். இன்ன திசையில் சில மைல்கள் போங்கள், தண்ணீர் கிடைக்கும் என்ற பொருளில் துலைஹா அடுக்கு வசனம் ஒன்றைச் சொன்னார். போனார்கள், தண்ணீர் கிடைத்தது. பாலைவனத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைவனுக்குத் தண்ணீர் இருக்கும் இடம் தெரியாதா? ஆனால் தாகத்தில் இருந்தவனுக்கு அது முஃஜிஸாவாகத் தெரிந்தது.

இரண்டு, நபி (ஸல்) அவர்கள் ளிரார் பின் அஸ்வர் (ரலி) அவர்களை அனுப்பிவைத்தார்கள். ளிரார் வெட்டிய வாள் துலைஹாவின் மேனியில் படாமல் சறுக்கிவிட்டது. உடனே ஒரு பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது, துலைஹாவை ஆயுதம் ஒன்றும் செய்யாதாம் என்று. அந்தப் பேச்சு பரவிய அதே நாட்களில் நாயகம் (ஸல்) அவர்களின் வஃபாத் செய்தியும் வந்தது. மக்கள் துலைஹாவைச் சுற்றித் திரண்டார்கள்.

கண்ணியமானவர்களே! இங்கே நின்று யோசிக்க வேண்டும். துலைஹா அந்தப் பேச்சை மறுக்கவில்லை. அது தற்செயலாகச் சறுக்கிய வாள் என்று சொல்லவில்லை. தனக்குச் சாதகமான பொய்யை அப்படியே ஓட விட்டார்.

இதை மதீனாவில் நடந்ததோடு ஒப்பிடுங்கள். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) பால் குடிக்கும் வயதில் மரணமடைந்தார். அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததற்காக வானமே துக்கம் கொண்டாடுகிறது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் எதிரிகள் அல்ல, அன்பு வைத்தவர்கள். ஒரு பொய்யனாக இருந்தால் இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஒன்றும் சொல்ல வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் மகனை இழந்த அந்தத் தந்தை மக்களைத் திரட்டித் தொழவைத்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான். சொன்னது நடக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அது குறி சொல்பவனுக்கும் சில சமயம் நடக்கும். தனக்கு லாபம் தரும் பொய்யை அவர் மறுக்கிறாரா என்று பாருங்கள்.

மார்க்கத்தை விலை குறைத்தவர்

நபி என்று வாதிட்ட துலைஹா தொழுகையில் கை வைத்தார். ஸஜ்தா வேண்டாம் என்றார். முகத்தை மண்ணில் வைப்பது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை, நின்றபடியே அவனை நினைத்தால் போதும் என்பது அவர் சொன்ன மார்க்கம். இந்தப் பக்கம் அவரோடு சேர்ந்த கோத்திரங்கள் மதீனாவுக்கு ஆள் அனுப்பி, தொழுகிறோம், ஆனால் ஜகாத் தரமாட்டோம் என்று பேரம் பேசின. அபூபக்கர் (ரலி) அவர்கள் ஒரு கயிற்றளவும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

பொய்யன் கூட்டம் சேர்க்க வேண்டுமென்றால் மார்க்கத்தின் விலையைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் தாயிஃபிலிருந்து தகீஃப் கூட்டத்தார் வந்து, முஸ்லிமாகிறோம், தொழுகையிலிருந்து மட்டும் விலக்கு வேண்டும் என்று கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். தொழுகை இல்லாத மார்க்கத்தில் நன்மை இல்லை என்பதே அவர்களின் நிலை. ஒரு பெரிய நகரமே கைக்கு வருகிறது, அதற்காகக்கூட ஒரு ருகூவைக் குறைக்கவில்லை. ஏன்? மார்க்கம் அவர்களுடைய சொந்தச் சரக்கு அல்ல, எடுத்துச் சொல்வது மட்டுமே அவர்களின் பொறுப்பு.

மக்கள் துலைஹாவுடன் சேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபஸாரா கூட்டத்தின் தலைவர் உயைனா பின் ஹிஸ்ன் எழுநூறு வீரர்களோடு வந்து சேர்ந்தார். அவருடைய கணக்கு எளிமையானது. குரைஷிக் குலத்து நபியைவிட நம் நட்புக் கோத்திரத்து நபி நமக்கு மேல். முஹம்மது இறந்துவிட்டார், துலைஹா உயிரோடு இருக்கிறார். இந்த வாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் இதற்கு எப்படிப் பதில் கொடுத்தான் என்று பார்ப்போம்.

இரண்டு ஷஹீதுகள்

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு அபூபக்கர் (ரலி) அவர்கள் காலித் பின் வலீத் (ரலி) அவர்களை அனுப்பினார்கள். தய்யி கோத்திரத்தைச் சேர்ந்த அதீ பின் ஹாதிம் (ரலி) முன்னே போய், தம் மக்களிடம் பேசி, அவர்களைத் துலைஹாவிடமிருந்து பிரித்து முஸ்லிம்களின் பக்கம் கொண்டுவந்தார்கள். எத்தனையோ உயிர்கள் வாளால் அல்ல, நல்ல பேச்சால் காப்பாற்றப்பட்டன.

படைக்கு முன்னால் வேவு பார்க்க இருவர் சென்றார்கள். ஒருவர் உக்காஷா பின் மிஹ்ஸன் (ரலி). எழுபதாயிரம் பேர் கேள்வி கணக்கின்றி சுவர்க்கம் நுழைவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது எழுந்து நின்று, அதில் நானும் இருக்க துஆச் செய்யுங்கள் என்று கேட்டுப் பெற்றவர். அவரும் பனூ அஸதைச் சேர்ந்தவர்தான், துலைஹாவின் சொந்தக் கோத்திரம். மற்றவர் ஸாபித் பின் அக்ரம் (ரலி). முஃதா போரில் மூன்று தளபதிகளும் ஷஹீதானபின் கீழே விழவிருந்த கொடியை எடுத்து காலித் (ரலி) கையில் கொடுத்தவர். இந்த இருவரையும் துலைஹாவும் அவருடைய சகோதரர் ஸலமாவும் கொன்றுவிட்டார்கள். பின்னால் வந்த படை வழியில் அந்த ஜனாஸாக்களைக் கண்டது. தமக்குக் கொடியை எடுத்துக் கொடுத்தவரின் உடலை காலித் (ரலி) அந்த மணலில் பார்த்தார்கள்.

போர்வைக்குள் ஒரு நபி

புஸாகா என்ற நீர்நிலை அருகே இரு படைகளும் மோதின. போர் கடுமையாக நடக்கிறது. நபி என்று சொன்னவர் எங்கே? கூடார முற்றத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, வஹீக்காகக் காத்திருப்பதாக உட்கார்ந்திருக்கிறார். உயைனா களத்தில் நின்று போராடிவிட்டு ஓடிவந்து கேட்கிறார், ஜிப்ரீல் வந்தாரா என்று. இல்லை என்கிறார். திரும்பிப் போய்ப் போராடுகிறார். மீண்டும் வந்து கேட்கிறார். இன்னும் இல்லை. மூன்றாம் முறை வந்தபோது, ஆம், வந்துவிட்டார் என்றார் துலைஹா. என்ன சொன்னார் என்று கேட்டால், உனக்கும் ஒரு திரிகை உண்டு, மறக்க முடியாத ஒரு செய்தியும் உண்டு என்ற பொருளில் ஏதோ அடுக்கு வசனம். உயைனாவுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இவன் பொய்யன், திரும்புங்கள் என்று தன் கூட்டத்தாரை அழைத்துக்கொண்டு களத்தை விட்டுப் போய்விட்டார்.

சகோதரர்களே! மூன்றாவது முறை கேட்டதும் வஹீ வந்துவிட்டது. இதுதான் பொய்யின் அடையாளம். மக்கள் அவசரப்படும்போது பொய்யனும் அவசரப்படுவான்.

நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பினார்களே, அப்போது நாயகம் (ஸல்) அவர்களின் நிலை என்ன? ஒரு மாத காலம் வஹீ வரவில்லை. ஊரே பேசுகிறது. வீட்டில் மனைவி அழுதுகொண்டிருக்கிறார். அபூபக்கர் (ரலி) வீடே இடிந்துபோய்க் கிடக்கிறது. வசனத்தைத் தானே புனைபவராக இருந்தால் அன்று மாலையே ஒரு வசனம் வந்திருக்கும். யார் அதைக் கேள்வி கேட்கப் போகிறார்கள்? ஆனால் காத்திருந்தார்கள். வேதனையோடு காத்திருந்தார்கள். வஹீ அவர்கள் கையில் இல்லை என்பதற்கு அந்த ஒரு மாதத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இன்னொன்றையும் பாருங்கள். படை சிதறியபோது மக்கள் துலைஹாவிடம் வந்து, இப்போது என்ன செய்வது என்று கேட்டார்கள். அவர் ஏற்கனவே தனக்கு ஒரு குதிரையையும், மனைவி நவாருக்கு ஓர் ஒட்டகத்தையும் தயாராக வைத்திருந்தார். என்னைப்போல் குடும்பத்தோடு தப்ப முடிந்தவர்கள் தப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஷாம் நாட்டை நோக்கி ஓடினார். நம்பி வந்தவர்கள் களத்தில் கிடந்தார்கள்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் பள்ளத்தாக்கில் அம்புகள் மழையாகப் பொழிந்து முஸ்லிம் படை சிதறியதே, அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் எதில் இருந்தார்கள்? கோவேறு கழுதையின் மீது. தப்பி ஓட நினைப்பவர் வேகமான குதிரையில் அல்லவா இருந்திருப்பார்? தான் நபிதான், இதில் பொய் இல்லை என்று உரக்க அறிவித்தபடி எதிரியை நோக்கி முன்னேறினார்கள்.

இப்போது உயைனாவின் வாதத்துக்கு வருவோம். முஹம்மது இறந்துவிட்டார், துலைஹா உயிரோடு இருக்கிறார் என்றாரே. உயிரோடு இருந்தவரின் மார்க்கம் அவர் குதிரை ஏறிய அன்றே முடிந்துபோனது. வஃபாத்தான நபியின் மார்க்கம் நின்றது. அவர்கள் விட்டுச்சென்றது என்ன? போர்க்கவசம்கூட முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஜகாத் பொருள் அவர்கள் குடும்பத்துக்கே ஹராம். இருந்தும் அந்த மார்க்கத்துக்காக மக்கள் உயிர் கொடுத்தார்கள். காரணம், அவர்கள் மக்களைத் தன்னோடு கட்டிப்போடவில்லை, அல்லாஹ்வோடு சேர்த்துவிட்டுச் சென்றார்கள்.

திரும்பி வந்தவர்

ஷாமில் தங்கியிருந்த துலைஹாவுக்கு, தன் கோத்திரத்தார் எல்லாரும் மீண்டும் முஸ்லிமாகிவிட்ட செய்தி வந்தது. அல்லாஹ் அவருடைய உள்ளத்தைத் திருப்பினான். அவரும் இஸ்லாத்தை ஏற்றார். அபூபக்கர் (ரலி) காலத்திலேயே உம்ராவுக்காக மதீனாவின் ஓரமாகக் கடந்து சென்றார். இதோ துலைஹா போகிறார் என்று கலீஃபாவிடம் சொன்னார்கள். அவரை விட்டுவிடுங்கள், அல்லாஹ் அவருக்கு நேர்வழி காட்டிவிட்டான் என்ற அளவில் முடித்துக்கொண்டார்கள் அபூபக்கர் (ரலி).

உமர் (ரலி) கலீஃபாவானதும் துலைஹா பைஅத் செய்ய நேரில் வந்தார். உமர் (ரலி) உள்ளதை மறைக்கவில்லை. உக்காஷாவையும் ஸாபிதையும் கொன்றவர் நீர், உம்மை நான் ஒருபோதும் நேசிக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதற்குத் துலைஹா சொன்ன பதிலின் கருத்து இது. அந்த இருவரை அல்லாஹ் என் கையால் ஷஹீதாக்கிக் கண்ணியப்படுத்தினான். அவர்கள் கையால் என்னைக் காஃபிராகச் சாகடித்து இழிவுபடுத்தவில்லை. உமர் (ரலி) பைஅத்தை ஏற்றுக்கொண்டார்கள். உம்முடைய குறி சொல்லும் வித்தையில் இன்னும் மிச்சம் உண்டா என்றும் கேட்டார்கள். கொல்லன் துருத்தியில் ஊதுவதுபோல் ஓரிரு ஊதல் மட்டும்தான் என்றார் துலைஹா. தன் பழைய நபித்துவத்துக்கு அவரே கொடுத்த மதிப்பு அவ்வளவுதான், வெறும் காற்று.

பிறகு காதிஸிய்யா போர்க்களம். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) தலைமையில் பாரசீகத் தளபதி ருஸ்துமை எதிர்த்து முஸ்லிம்கள் நின்றார்கள். இரவில் துலைஹா தனியாக எதிரிப் படையின் முகாமுக்குள் நுழைந்து, கூடாரக் கயிற்றை அறுத்து, குதிரையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். துரத்தி வந்த மூவரில் இருவரை வீழ்த்தி, மூன்றாமவரைக் கைதியாக அழைத்து வந்தார். அந்தக் கைதியும் இந்த வீரத்தைக் கண்டு வியந்து இஸ்லாத்தைத் தழுவினார்.

ஆனாலும் உமர் (ரலி) ஓர் எல்லையை வைத்தார்கள். போர் விஷயத்தில் துலைஹாவிடமும் அம்ர் பின் மஃதீகரிபிடமும் ஆலோசனை கேளுங்கள், அதிகாரத்தை மட்டும் ஒப்படைக்காதீர்கள் என்று தளபதிக்கு எழுதினார்கள். இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. திரும்பி வந்தவரை விரட்டவும் இல்லை, உடனே மேடை ஏற்றவும் இல்லை. துலைஹாவும் அதற்காகக் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒரு காலத்தில் நபி என்று அழைக்கப்பட்டவர், சாதாரண வீரராக வரிசையில் நின்றார். தவ்பா உண்மையானது என்பதற்கு இதுவே சாட்சி.

நஹாவந்தில்

ஹிஜ்ரி 21, கி.பி. 642. பாரசீகத்தின் நஹாவந்தில் பெரும் போர். தளபதி நுஃமான் பின் முகர்ரின் (ரலி). வேவு பார்க்க மூவரை அனுப்பினார்கள். இருவர் வழியிலேயே திரும்பிவிட்டார்கள். துலைஹா மட்டும் நஹாவந்த் வரை போய்விட்டார். இரவு கழிந்தும் ஆளைக் காணோம். படையில் முணுமுணுப்பு தொடங்கியது. துலைஹா இரண்டாம் முறையும் மதம் மாறிவிட்டாரோ என்று பேசிக்கொண்டார்கள்.

எதிரியின் செய்திகளை எல்லாம் தெரிந்துகொண்டு அவர் திரும்பி வந்தார். அவரைக் கண்டதும் படை தக்பீர் முழங்கியது. ஏன் இப்படி என்று கேட்டார். தாங்கள் பயந்ததைச் சொன்னார்கள். மார்க்கம் என்ற ஒன்றே இல்லாமல் வெறும் அரபு மானம் மட்டும் இருந்திருந்தாலும் உங்களை அந்நியரிடம் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேனே என்று வருந்தினார். தவ்பா செய்து ஏறத்தாழ பத்து வருடம். எத்தனையோ முறை உயிரைப் பணயம் வைத்துவிட்டார். ஆனாலும் ஓர் இரவு தாமதித்ததும் பழைய கதை நாக்குகளில் ஏறிவிட்டது.

அந்தப் போரில் தளபதி நுஃமான் (ரலி) ஷஹீதானார்கள். துலைஹாவும் அங்கேயே ஷஹீதானதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மதம் மாறித் திரும்பியவருக்கு ஸஹாபி என்ற அந்தஸ்து மீளுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஸஹாபாக்களின் வரலாறு கூறும் நூல்களில் இமாம்கள் அவரையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

நம் மஹல்லாவுக்கு

அல்லாஹ்வின் நல்லடியார்களே! யாராவது தனக்கு மேலிருந்து செய்தி வருகிறது என்று வந்தால், முதலில் நபித்துவத்தின் கதவு மூடப்பட்டுவிட்டது என்பதைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் உங்கள் பிள்ளை கேட்டால் நான்கு கேள்விகளைக் கொடுங்கள். தனக்குச் சாதகமான பொய்யை அவர் மறுக்கிறாரா? மார்க்கத்தை ஆளுக்கேற்றபடி குறைக்கிறாரா? ஆபத்து வந்தால் முன்னே நிற்பாரா, முதலில் ஓடுவாரா? மக்களை அல்லாஹ்வோடு சேர்க்கிறாரா, தன்னோடு கட்டுகிறாரா? துலைஹாவைத் தோலுரிக்க இந்தக் கேள்விகள் போதும். இன்றைக்கும் போதும்.

ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தத் தாயின் மகன். அல்ஹம்துலில்லாஹ், அவன் அந்த மனிதரை விட்டுவிட்டான். ஆனால் நம் பள்ளிக்கு அவன் வருவதில்லை. இரண்டு மைல் தள்ளி இன்னொரு மஹல்லாவில் போய்த் தொழுகிறான். ஏன் என்று கேட்டேன். இங்கே ஸஃப்பில் நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் ஹஜ்ரத் என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நபி என்றே வாதிட்டவரை, இரண்டு ஷஹீதுகளின் இரத்தம் கையில் இருந்தவரை, உமர் (ரலி) பைஅத் வாங்கி ஸஃப்பில் நிறுத்தினார்கள். நேசிக்க முடியவில்லை என்றார்கள், இடம் கொடுக்க மறுக்கவில்லை. ஏமாந்துபோய்த் திரும்பிய ஒரு பிள்ளைக்கு நம்மால் ஒரு ஸலாம் சொல்ல முடியாதா? அடுத்த ஜும்ஆவில் அவன் இந்த வாசலில் வந்து நின்றால் தோளோடு தோள் சேர்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் ஈமானையும் நம் பிள்ளைகளின் ஈமானையும் பொய்யர்களின் குழப்பத்திலிருந்து பாதுகாப்பானாக. வழி தவறியவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து, திரும்பியவர்களை அரவணைக்கும் உள்ளத்தை நமக்குத் தருவானாக. நம் அனைவரின் முடிவையும் ஈமானோடு ஆக்கிவைப்பானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.